காலடிப்பேட்டையில் ஜெயசீலி நடத்திய தேர்தல்

ராயபுரத்தில் கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் பகல் சாப்பாட்டுக்கு டிபன் பாக்ஸைத் திறந்திருந்தேன். போன் வந்தது. காலடிப்பேட்டை ஆட்டோக்காரர் கன்னியப்பன். "கௌதிம்மா, நம்ம சீலி போய்டுச்சிம்மா" என்றார். எங்கே போனாள் என்று கேட்டேன். அவர் அழுதார். அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. காலையில் தலை வலிக்கிறது என்று படுத்தவள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். என் வயதுதான் அவளுக்கும்.

மறுநாள் அவள் வீட்டு வாசலில் போட்டிருந்த சாமியானாவின் கீழ் ஒரு பெரிய கூட்டம் உட்கார்ந்திருந்தது. பாதிப் பேர் அவளுடைய ப்ரவுசிங் சென்டரின் பழைய வாடிக்கையாளர்கள். தையற்கடை பஷீர், "அந்தத் தேர்தல் ஞாபகம் கீதுல்ல?" என்று மெல்லக் கேட்டார். ஒருவர் சிரித்தார். அடக்க முடியாமல் இன்னொருவர் சிரித்தார். இழவு வீடாயிற்றே என்று நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டபோது சீலியின் அம்மா வெளியே வந்தார். "சிரிங்கய்யா. எம் மவளுக்கு மூஞ்சத் தூக்கி வச்சிருந்தாப் புடிக்காது" என்றார். அந்தச் சாமியானாவில் இருந்தவர்களுக்காகவும், வர முடியாமல் போனவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஜெயசீலியின் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து மளிகையும் கருப்பட்டியும் மொத்த வியாபாரம் செய்தவர். வீட்டில் எல்லோரும் கடைக்குப் போக, இவள் மட்டும் கம்ப்யூட்டர் கிளாஸுக்கு வந்தாள். அங்கேதான் வியாசர்பாடி எம்.கே.பி. நகரிலிருந்து நான் வந்து சேர்ந்தேன். அவள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள், நான் புத்தர் படம் மாட்டிய வீட்டுப் பெண். முதல் நாளே சண்டை போட்டோம், இரண்டாம் நாள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். சீலிக்கு இரண்டு பேச்சு உண்டு. கோபம் வந்தால் அம்மாவின் தூத்துக்குடி ஊர்ப் பேச்சு, குஷி வந்தால் காலடிப்பேட்டைப் பேச்சு. இரண்டாவதைத்தான் நாங்கள் அதிகம் கேட்டோம்.

காலடிப்பேட்டையில் எட்டு சிஸ்டம் போட்டு அவள் ப்ரவுசிங் சென்டர் திறந்தபோது, அவற்றைப் பழுது பார்க்கிற பொறுப்பு என்னுடையதாயிற்று. அலுவலகம் விட்டதும் அங்கே போய்விடுவேன். ஞாயிறு முழுக்க அங்கேதான் இருப்பேன்.

பகலில் சென்டர் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். எட்டு சிஸ்டமும் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். அப்போது ஒரு திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டேன். பெரிய தொலைநோக்கி ஒன்று வானத்திலிருந்து பிடிக்கும் வானொலி அலைகளைத் துண்டு துண்டாக்கி, உலகம் முழுக்க விருப்பப்பட்டவர்களின் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்புகிறார்கள். நாம் வேலை செய்யாத நேரத்தில் நம் கம்ப்யூட்டர் அந்தத் துண்டை அலசி, தானாக வந்திருக்க முடியாத குறி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துப் பதில் அனுப்பிவிடும். வேற்றுக் கிரகத்தில் யாராவது இருக்கிறார்களா என்று தேடுகிற வேலை. எட்டிலும் அதைப் போட்டுவிட்டுப் போனேன். மறுநாள் சீலி அலுவலகத்துக்கே போன் செய்தாள்.

"அடியே, எல்லா சிஸ்டத்துலயும் வைரஸ் பூந்துகினு கலர் கலரா ஆடுதுடி!"

விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப, வானத்துல எவனாச்சும் பேசிகினு கீறானான்னு நம்ம காலடிப்பேட்டை சிஸ்டம் ஒட்டுக் கேக்குதா?"

"ஆமா."

"இத்த ஏண்டி மொதல்லியே சொல்லல!" போனை வைக்காமலே தெருவில் இறங்கி, "பஷீர் பாய், வந்து பாருங்க பாய்!" என்று அவள் கத்தியது எனக்கு இங்கே கேட்டது.

கொஞ்ச காலம் அப்படியே போனது. பிறகு ஒரே மென்பொருளில் பல திட்டங்களிலிருந்து வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற வசதி வந்தது. நோய்க்கு மருந்து தேடுவது, பூமியின் தட்பவெப்பத்தைக் கணிப்பது, பெரிய எண்களைத் தேடுவது என்று நீண்ட பட்டியல். சீலி அதை ஒரு வாரம் உட்கார்ந்து படித்தாள். அதோடு என் வேற்றுக் கிரகவாசிகளுக்குக் கெட்ட காலம் ஆரம்பித்தது.

"சும்மா கெடக்குற நேரந்தான். அதுக்காக யாரு கேட்டாலும் குடுத்துடுவியா?" என்றாள். விடை கிடைத்தால் அது யாருக்குப் போகும், எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுவார்களா, பூட்டி வைத்து விற்பார்களா? அந்த விடையை வைத்து யாராவது எதையாவது செய்ய முடியுமா? நம் பழைய சிஸ்டம் அந்த வேலையைத் தாங்குமா? இந்தக் கேள்விகளைத் தன் இங்கிலீஷில் எழுதி ஒவ்வொரு திட்டத்துக்கும் மெயில் அனுப்பினாள். பதில் வந்த நாளில் சென்டரே திருவிழா மாதிரி இருந்தது. எங்கோ ஒரு விஞ்ஞானி, "நல்ல கேள்வி" என்று தொடங்கி அவளுக்கு இரண்டு பக்கம் எழுதியிருந்தார். அதை வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டு, "பாத்தியா, கேட்டா சொல்றாங்க" என்றாள். பதில் போடாத திட்டங்களைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டாள்.

கடைசியில் மூன்று மிஞ்சின. என் வேற்றுக் கிரகம். பூமியின் தட்பவெப்பம் இனி எப்படி மாறும் என்று கணக்கிடும் திட்டம். மலேரியா எப்படிப் பரவுகிறது, கொசுவலை கொடுத்தால் எவ்வளவு குறையும், மருந்து கொடுத்தால் எவ்வளவு குறையும் என்று கணக்குப் போடும் திட்டம். நாங்கள் இருவரும் பேசி முடிவுக்கு வர முடியவில்லை. அப்போதுதான் அவள், "எலெக்ஷன் வச்சிரலாம்" என்றாள். சென்டரில் ஒரு தடவையாவது உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் ஓட்டு. சீலி தேர்தல் அதிகாரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிரசாரம். இடம் போதாமல் ஆட்கள் தெருவரை நின்றார்கள். வேற்றுக் கிரகத்துக்காக நான் பேசினேன். மனிதகுலத்தின் மிகப் பழைய கேள்வி, பதில் வருகிற அன்று அது காலடிப்பேட்டையிலிருந்து போனதாக இருக்கலாம் என்றெல்லாம் முழங்கினேன். நல்ல கைதட்டல்.

அடுத்து தட்பவெப்பத்துக்காகக் கன்னியப்பன். வளைகுடாவில் இருக்கும் தம்பிக்கு மெயில் அனுப்ப சென்டருக்கு வருகிறவர். "எனக்குப் பேசத் தெரியாது. எங்க நைனா கட்ன வூடு இப்ப கடலுக்குள்ள கீது. மாரியம்மன் கோயிலு இருந்த எடத்துல இப்ப அலை அடிக்குது. கல்லு கொட்றாங்க, அப்பால கல்லையும் தூக்கினு போவுது. இந்தக் கடலு இன்னும் எவ்ளோ தூரம் வரும்னு எவனாச்சும் கணக்குப் போட்றான்னா, அவனுக்கு சிஸ்டத்தக் குடுங்க. கௌதியோட ஆளுங்க மேல சௌகரியமாத்தான் கீறாங்க." என் கைதட்டல் அங்கேயே செத்தது.

மலேரியாவுக்குப் பேச யாரும் முன்வரவில்லை. நம் பக்கத்தில் அது ஜலதோஷம் மாதிரி, அதற்கு யார் மேடையேறுவார்கள்? சீலி கூட்டத்தைப் பார்த்தாள். "சரி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இங்க மலேரியா வந்தவங்க கையத் தூக்குங்க."

முதலில் இரண்டு கை. பிறகு பஷீர். பிறகு வரிசை வரிசையாக. தெருவில் நின்றவர்களும் தூக்கினார்கள். கன்னியப்பன் தூக்கினார். நானும் தூக்கினேன். சுற்றிலும் பார்த்துக்கொண்டோம். இத்தனை பேரா என்று ஒரு கணம் திகைப்பு, அப்புறம் வெடித்தது சிரிப்பு.

"தேர்தல் அதிகாரியே பிரசாரம் பண்றது நாயமா?" என்று கன்னியப்பன் எகிறினார். சீலி கையெடுத்துக் கும்பிட்டாள். "தப்புதான்ணே. ஆனா தூக்குன கைய எறக்க முடியாது."

ஓட்டுகளை பிஸ்கட் டின்னில் போட்டார்கள். அதைக் கவிழ்த்து எண்ணும்போது அவள் முகம் சிவந்திருந்தது. கன்னியப்பனின் மீனவர் குப்பமே திரண்டு வந்திருந்தது. தட்பவெப்பம் ஜெயித்தது. மலேரியா இரண்டாவது. நான் டெபாசிட் இழந்தேன். சீலிக்கு மலேரியாதான் வேண்டும் என்று எனக்குத் தெரியும். மறுநாள் காலையில் எட்டு சிஸ்டத்திலும் தட்பவெப்பத்தை ஏற்றியவள் அவள்தான். "ஓட்டுப் போட்டாங்கல்ல, அவ்ளோதான்" என்றாள்.

அதன்பிறகு வந்த மாதங்களை மறக்க முடியாது. அந்தக் கணக்கு 1920ஆம் ஆண்டில் தொடங்கி, ஒவ்வொரு நாளாக நகர்ந்து, 2080 வரை போகும். திரையில் பூமி உருண்டை சுழலும், மேகம் நகரும், மூலையில் தேதி ஓடும். தங்கள் பிறந்த வருஷம் வரும்போது பார்க்க ஆட்கள் வந்தார்கள். "இன்னிக்கி நான் பொறந்துட்டேன்" என்று பஷீர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். கன்னியப்பன் உருண்டையில் தன் குப்பத்தைத் தேடினார். பூமியைப் பெரிய பெரிய கட்டங்களாகப் பிரித்திருந்ததில் தமிழ்நாடே நாலைந்து கட்டத்துக்குள் அடங்கியிருந்தது. அவர் முகம் வாடியதைப் பார்த்து சீலி, "ஒலகத்துக் கடல் சூடாவுறது தெரிஞ்சாதாண்ணே நம்ம கடல் தெரியும்" என்றாள்.

பிறகு மின்வெட்டு வந்தது. பகலில் கரண்ட் போகும், யுபிஎஸ் பேட்டரிகளோ பழசு. திடுமென அணைந்தால் கணக்கு கெட்டுவிடும். ஒவ்வொன்றாகக் கெட்டது. ஒரு சிஸ்டத்தில் கணக்கு எதிர்காலத்துக்குள் நுழைந்து, நாங்கள் எல்லோரும் கிழமாகியிருக்கக்கூடிய வருஷங்களில் நின்று போனது. சூட்டில் இரண்டு சிஸ்டம் படுத்துவிட்டன.

சென்டருக்கு முதல் போட்ட அவள் அண்ணன் தேவராஜ் வந்தார். "எவனோ ஒருத்தனுக்காவ நம்ம மிஷினைப் போட்டுக் கொல்லுத. எல்லாத்தையும் அழிச்சிட்டு யாவாரத்தப் பாரு" என்றார்.

சீலிக்கு ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. "எவனோ ஒருத்தனுக்கு இல்லண்ணே. இந்தத் தெருவே ஓட்டுப் போட்டு எங்கிட்ட குடுத்திருக்கு. நான் என்ன பதில் சொல்லுவேன்? வேணும்னா சென்டர மூடிட்டுப் போறேன், இத அழிக்க மாட்டேன்."

அண்ணன் போனபிறகு அவள் அழுதாள். அன்று ஒரு நாள்தான் அவள் அழுது நான் பார்த்தது. அடுத்த ஞாயிறு பழைய கூட்டத்தையே மறுபடி கூட்டினாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். "பெரிய கணக்க எல்லா சிஸ்டமும் தாங்காது. நல்ல சிஸ்டம் ஒண்ணுல மட்டும் தட்பவெப்பம் ஓடட்டும். மலேரியாக் கணக்கு சின்னச் சின்னது, கரண்ட் போறதுக்குள்ள முடிஞ்சிடும். மத்ததுல அத்தப் போடலாமா? முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க." கன்னியப்பன்தான் முதலில் எழுந்தார். "தாங்குறவனுக்குத் தாங்குற வேலயக் குடு தங்கச்சி."

அந்த ஒற்றை சிஸ்டம் மறுபடி 1920இல் தொடங்கியது. இந்த முறை அது போய்க்கொண்டே இருந்தது. கடைசி வருஷத்தின் கடைசி மாதத்துக்கு வந்த நாள் மத்தியானம், சென்டரில் உட்கார இடமில்லை. வெளியே டமாரென்று ஒரு சத்தம். டிரான்ஸ்பார்மர் போயிற்று. விசிறி நின்றது. யுபிஎஸ் கீச்சிடத் தொடங்கியது.

"எவ்ளோ நேரம் தாங்கும்?" என்றாள் சீலி. கொஞ்சந்தான் என்றேன். கன்னியப்பன் வெளியே ஓடி, தன் ஆட்டோ பேட்டரியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். அதை யுபிஎஸ்ஸோடு இணைத்தேன். கீச்சுச் சத்தம் நின்றது. மின்சாரத்தை மிச்சப்படுத்த மானிட்டரை அணைத்துவிட்டோம். அத்தனை பேரும் வியர்த்து வழிய, ஒன்றுமே தெரியாத கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சிஸ்டத்தின் உள்விசிறி சுற்றும் சத்தம் மட்டும்.

"பாக்கட்டுமா?" என்றாள்.

"வேணாம்டி."

"ஒரே ஒரு வாட்டி."

"சீலி, கைய எடு!"

கடைசியில் பொறுக்க முடியாமல் நானே மானிட்டரைப் போட்டேன். கணக்கு முடிந்திருந்தது. மோடத்துக்கும் இணைப்புக் கொடுத்தோம். பதில் போகும் கோடு மெல்ல மெல்ல நகர்ந்து கடைசியைத் தொட்டது.

"போய்ச்சிடி! போயே போய்ச்சி!" சீலி நாற்காலி மேல் ஏறிவிட்டாள். பஷீர் ஆட, கூட்டம் ஆட, தெருவில் போனவர்கள் கிரிக்கெட்டில் ஜெயித்துவிட்டோமா என்று கேட்டார்கள்.

"அப்ப எங்க குப்பம் தப்பிச்சிதா?" என்று கன்னியப்பன் கேட்டார். சீலி இறங்கி வந்தாள். "இது ஒரு கணக்குதாண்ணே. இதே மாரி ஆயிரக்கணக்குல, ஒண்ணொண்ணையும் வேற வேற மாரி ஓட்றாங்க. எல்லாத்தையும் சேத்துப் பாத்தாதான் தெரியும்." அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப நம்ம போட்டது ஒரு ஓட்டு" என்றார்.

வீட்டுக்கு வீடு நெட் வந்தபிறகு சென்டரை மூடினாள். போன மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தாள். தன் வீட்டு சிஸ்டத்தில் புதிதாக ஒரு திட்டம் போட்டிருப்பதாகச் சொன்னாள். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் வகுபடாத, யாரும் இதுவரை கண்டிராத ஒரு மாபெரும் எண்ணைத் தேடும் திட்டம். எனக்குச் சிரிப்பு வந்தது.

"இதுல யாருக்குடி பிரயோஜனம்?" என்றேன்.

"யாருக்கும் இல்ல."

"அப்பறம்?"

"அவ்ளோ பெரிய நம்பரு, யார் கண்ணுலயும் படாம, எங்கியோ ஒண்டியா குந்திகினு கீதுடி. நெனச்சாலே ஸோக்கா கீது." டீயைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்க மறந்து, கண் விரிய அதைச் சொன்னாள்.

திட்டங்களிடம் அவள் கேட்ட கேள்விகளை உங்களில் பலர் அவள் நினைவாக வைத்துக்கொள்வீர்கள். எனக்கு அந்த டீ ஆறிப்போன நேரம் போதும். என் வீட்டு சிஸ்டமும் இப்போது எண் தேடுகிறது. எதற்கு என்று மகள் கேட்டால், ஸோக்கா கீது என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறேன். பிரயோஜனம் கேட்காமல் அப்படிச் சிரிப்பது எனக்குப் புதிது.