சீதன வீட்டுக்குத் திரும்பிய சுகந்தினி

1. நொத்தாரிசிடம் போவதற்கு முதல் நாள்

சுகந்தினியும் அவருடைய அப்பாவும் எங்கள் சட்ட உதவி அலுவலகத்துக்கு வந்தபோது, மறுநாள் காலை பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் போய் வீட்டை விற்றுக் கையெழுத்திடுவதாக முடிவாகியிருந்தது. கொக்குவிலில் உள்ள அந்த வீடு சுகந்தினிக்குச் சீதனமாகக் கொடுக்கப்பட்டது. உறுதிப் பத்திரம் அவர் பெயரில் இருந்தது. அதை விற்ற காசில் தான் கனடா போக வேண்டும் என்று கணவர் நெடுநாளாக நெருக்கிக்கொண்டிருந்தார். அடியும் விழுந்தது. கடைசியில் சுகந்தினி மகளைத் தூக்கிக்கொண்டு, அரியாலையில் வாடகைக்கு இருந்த பெற்றோரிடம் போய்விட்டார். கணவரும் மாமியாரும் கொக்குவில் வீட்டிலேயே இருந்தார்கள்.

“வித்துத் தந்தால் திரும்பக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு மருமகன் சொல்லுறார், பிள்ளை,” என்றார் அப்பா. “வீடு போனாலும் இவளின்ரை குடும்பம் மிஞ்சும் எண்டு நானும் ஓமெண்டிட்டன். கையெழுத்து வைக்க முதல் ஒருக்கால் கேப்பம் எண்டு இவள்தான் இழுத்துக்கொண்டு வந்தவள்.”

நான் சுகந்தினியைப் பார்த்தேன். “உங்களுக்கு என்ன வேணும்?”

“என்ரை வீட்டுக்குப் போகோணும். விக்காமல் போகோணும். அப்பிடியொரு வழி இருக்கோ?”

அலுவலகத்துக்கு வருபவர்கள் இவ்வளவு தெளிவாகக் கேட்பது குறைவு. இருக்கிறது என்று சொன்னேன். அப்பா நம்பவில்லை.

2. பாதி உண்மை

கணவர் சுகந்தினிக்கு அடிக்கடி சொன்ன ஒரு வசனம் உண்டு. “என்ரை கையெழுத்தில்லாமல் உன்னாலை ஒரு செங்கல்லும் விக்கேலாது. அப்ப வீடு ஆரின்ரை?”

இது பாதி உண்மை என்பதால்தான் பலரை மடக்கிவிடுகிறது. யாழ்ப்பாணத் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டத்தின்படி, மனைவி தன் பெயரிலுள்ள காணியையோ வீட்டையோ விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். ஆனால் அந்தச் சம்மதம் அவரை உரிமையாளர் ஆக்காது. மனைவி கையெழுத்திடாவிட்டால் அவராலும் ஒன்றும் விற்க முடியாது.

ஒரு தாளில் நான்கு வரி எழுதி அப்பாவிடம் கொடுத்தேன்.

ஒன்று, சீதனம் கேட்பதையே குற்றமாக்கும் சட்டம் இலங்கையில் இல்லை. அதை நம்பிப் போக வேண்டாம்.

இரண்டு, அடிப்பதற்கும் மிரட்டிப் பறிக்க முயல்வதற்கும் கொடுமைப்படுத்துவதற்கும் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நீதவான் நீதிமன்றில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம்.

மூன்று, அந்தக் கட்டளையால் அடிப்பவரை வீட்டுக்குள் வராமல் தடுக்கலாம்.

நான்கு, மனைவிக்கும் பிள்ளைக்கும் தாபரிப்பு, அதாவது மாதாந்தச் செலவுப் பணம், கேட்டுத் தனி வழக்குப் போடலாம். அதற்கு விவாகரத்துத் தேவையில்லை.

அப்பா மூன்றாவது வரியில் விரலை வைத்தார். “ஆம்பிளையை வெளியிலை விடுறதோ? சனம் என்ன கதைக்கும்?”

“அப்பா, நான் வெளியிலை நிண்டபோதும் சனம் கதைச்சதுதானே,” என்றார் சுகந்தினி.

மறுநாள் அவர்கள் நொத்தாரிசிடம் போகவில்லை.

3. வரைபடம்

பாதுகாப்புக் கட்டளை கேட்கும் மனுவோடு கொடுக்க வேண்டிய சத்தியக்கடதாசிக்கு விவரம் எடுப்பது சுலபமாக இருக்கவில்லை. “அடிப்பார்”, “ஏசுவார்” என்பதற்கு மேல் சுகந்தினிக்கு வார்த்தை வரவில்லை. வெட்கம் ஒரு பக்கம், மறதி ஒரு பக்கம். எங்கே, எப்படி என்று இல்லாத குற்றச்சாட்டை எதிர்த்தரப்பு ஊதித் தள்ளிவிடும்.

சட்டம் படிக்கப் போகுமுன் நான் கட்டிடப் படவரைஞர் டிப்ளோமா முடித்திருந்தேன். வார்த்தை வராதவர்களோடு கதைக்கும்போது அது கைகொடுக்கும். வெற்றுத் தாளை எடுத்து, “கேற்றாலை உள்ளுக்கு வந்தால் முதல் என்ன?” என்று கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல வீட்டை வரைந்தேன். விறாந்தை, ஹோல், இரண்டு அறை, குசினி, கிணற்றடி.

பிறகு பேனையை அவரிடம் கொடுத்தேன். அவர் குசினி வாசலில் ஒரு புள்ளடி போட்டார். “இதிலை வைச்சுத்தான் கையை முறுக்கினவர். நொத்தாரிசிட்டை வரமாட்டன் எண்டதுக்கு.” முன் அறையில் இன்னொன்று. “இது எங்கடை அறை. மாமி வந்தாப்பிறகு எங்களைக் கிளப்பிப் போட்டா.” விறாந்தையின் மூலையில் மூன்றாவது. “இதிலை பாய் போட்டு நானும் பிள்ளையும் படுத்தனாங்கள்.”

அப்பா தாளைத் தன் பக்கம் திருப்பினார். அந்த வீட்டைக் கட்டியவர் அவர்தான். “என்ரை பிள்ளையை விறாந்தையிலையோ படுக்க விட்டவங்கள்?” என்று மெதுவாகக் கேட்டார். அதற்குப் பிறகு சனம் என்ன கதைக்கும் என்று அவர் கேட்கவே இல்லை.

4. “ஏன் போனீங்கள்?”

மனு விசாரணைக்கு வந்தது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அனுபவசாலி. அடித்ததை மறுத்தார். பிறகு, “மனுதாரர் தானாகவே வீட்டைவிட்டுப் போனவர். என் கட்சிக்காரரை வெளியேற்றினால் அவர் எங்கே போவார்?” என்றார்.

நீதவான் சுகந்தினியைப் பார்த்தார். “வீடு உங்கடை பேரிலை இருக்கு. ஏன் போனீங்கள்?”

இந்தக் கேள்விக்கு நான் அவரைத் தயார்ப்படுத்தியிருக்கவில்லை.

“ஐயா, சண்டை எண்டால் பொம்பிளைதானே வெளிக்கிடுறது. அப்பிடித்தான் பழகியிருக்கிறம். அண்டைக்கு அவர் ‘வெளியிலை போடி’ எண்டார், நான் போயிட்டன். அரியாலைக்குப் போய்ச் சேர்ந்தாப்பிறகுதான், அது என்ரை வீடெல்லோ எண்டு யோசிச்சன்.”

நீதிமன்றின் பின்வரிசை வாங்கில் இருந்த ஒரு பெண் “ஓம்” என்று வாய்விட்டே சொன்னார்.

கணவரின் தாய்க்குப் பண்டத்தரிப்பில் சொந்த வீடு உண்டு என்பதை நான் சுட்டிக்காட்டினேன். நீதவான் புள்ளடி போட்ட வரைபடத்தையும் சத்தியக்கடதாசியையும் ஒப்பிட்டுப் பார்த்து, குசினி வாசல் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். சுகந்தினி தடுமாறாமல் பதில் சொன்னார். இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை கிடைத்தது. கணவரும் மாமியாரும் அந்த வீட்டைவிட்டு விலக வேண்டும், திரும்பி அதற்குள் நுழையக் கூடாது.

5. கேற்றடியில்

கட்டளையை நடைமுறைப்படுத்தப் பொலிஸார் போனபோது, சுகந்தினி, மகள், அப்பா ஆகியோரோடு நானும் போனேன். கணவர் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியேறினார். மாமியார் அப்படிப் போகவில்லை.

“எடியே, என்ரை மோனை நடுத்தெருவிலை விட்டிட்டியே!”

“பண்டத்தரிப்பு நடுத்தெருவில்லை மாமி. உங்கடை வீடுதானே,” என்றார் சுகந்தினி.

மாமியார் கிறைண்டரைத் தூக்கிக்கொண்டு கேற்றுக்கு வந்தார். பெண் பொலிஸ் குறுக்கே நின்றார். “அதை வையுங்கோ அம்மா.”

“இது நான் வாங்கினது!”

“அது உண்மைதான்,” என்றார் சுகந்தினி. “மாமி வாங்கினதுதான். கொண்டு போகட்டும்.” தானே ஓட்டோவில் ஏற்றியும் விட்டார். பிறகு உள்ளே போய் யன்னல்களை எல்லாம் திறந்தார். மகள் முன் அறைக் கட்டிலில் ஏறி நின்று குதித்தாள். அப்பா அதைப் பார்த்துக்கொண்டு முற்றத்திலேயே நின்றார்.

6. தாபரிப்பு

தாபரிப்பு வழக்கில் கணவர் தனக்கு வேலை இல்லை என்றார். அவர் ஒரு தனியார் நிறுவனத்தில் தொழில்நுட்பவியலாளர். சம்பள விவரத்தை நிறுவனத்திடமிருந்து பெற்றுத் தருமாறு நீதிமன்றைக் கேட்டோம். விவரம் வந்த அன்று, வேலை திரும்பக் கிடைத்துவிட்டதாக அவர் சொன்னார். நீதவானே சிரித்துவிட்டார். மனைவிக்கும் மகளுக்கும் மாதாந்தம் பணம் கட்டக் கட்டளையானது. கட்டத் தவறினால் சம்பளத்திலேயே கழிக்கலாம் என்று நீதவான் சொல்லக் கேட்ட பிறகு அவர் தவறவில்லை.

7. எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

உயிருக்கு ஆபத்து என்று வருபவரிடம் உறுதியைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்காதீர்கள். முதலில் அவரும் பிள்ளைகளும் பாதுகாப்பான இடத்துக்குப் போகட்டும். வெளியேறியதால் வீடு கைவிட்டுப் போய்விடாது என்பதை அப்போதே சொல்லுங்கள்.

அதன் பிறகு, சேர்ந்து வாழ்வதா பிரிவதா என்று அவரை அவசரப்படுத்தாதீர்கள். சுற்றியிருக்கும் எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். இருக்க இடமும் பிள்ளைக்குச் சாப்பாடும் இல்லாத ஒருவரால் அதற்கு நேர்மையான பதில் சொல்ல முடியாது. அந்த இரண்டையும் வாங்கிக் கொடுப்பதே எங்கள் வேலை.

சுகந்தினி இன்னும் விவாகரத்துக் கேட்கவில்லை. கேட்கலாமா, விடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். யோசிப்பது தன் சொந்த வீட்டில் இருந்துகொண்டு.