பத்துக்கு மேல் கூடாது

அம்மாவின் தம்பி, என் மாமா, துபாயிலிருந்து லீவில் கோட்டக்குப்பம் வந்தபோது தைலம், பால் பவுடர், சோப்போடு ஒரு எம்பி3 பிளேயரும் கொண்டுவந்தார். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அதற்கு அவர் போட்ட சட்டங்களை எழுத வீட்டுச் சுவர் போதாது. ரோட்டில் நடக்கும்போது மாட்டக்கூடாது, மாட்டிக்கொண்டு தூங்கக்கூடாது, அரை மணிக்கு ஒருதரம் கழற்றி வைக்க வேண்டும். முக்கியமாக, திரையில் தெரியும் சத்தத்தின் எண் பத்தைத் தாண்டவே கூடாது. "காது போச்சுன்னா எந்தக் கடையிலயும் கெடைக்காது புள்ள" என்பார். எண்ணோ முப்பது வரை போகும். முப்பது வரை போகிறதைப் பத்தில் நிறுத்தச் சொல்வது எந்த ஊர் நியாயம்? எனக்கு அப்போது ஒன்பது வயது. நியாயம் கேட்பதில் தெருவில் என்னை மிஞ்ச ஆளில்லை.

ஒருநாள் மாமா பாட்டு கேட்டுவிட்டு வைத்துப்போனதை எடுத்துக் காதில் மாட்டினேன். தலைக்குள் மேளம் அடித்தது. பிடுங்கிப் போட்டுவிட்டுத் திரையைப் பார்த்தால் இருபத்தெட்டு. மறுநாள் பார்த்தேன், இருபத்தொன்பது. ஊருக்குத்தான் உபதேசம் என்று முடிவு கட்டினேன். உடனே யாரிடமும் சொல்லவில்லை. நல்ல சமயம் வரட்டும் என்று வைத்திருந்தேன்.

அந்த லீவிலேயே மாமாவுக்குக் கல்யாணம் முடித்துவிட அம்மா அலைந்துகொண்டிருந்தார். முன்பே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இப்போது திண்டிவனத்தில் ஒரு பெண். படத்தைப் பார்த்த நாளிலிருந்து மாமா தினமும் இரண்டு தடவை ஷேவ் செய்தார். மாப்பிள்ளையைப் பார்க்கப் பெண்ணைப் பெற்ற அத்தா வந்தபோது, அம்மா அவரை மாமாவுக்கு வலப்பக்கமாக உட்காரவைத்தார். அவர் எதைக் கேட்டாலும் அம்மாவே முந்திக்கொண்டு பதில் சொன்னார். "தம்பி கொஞ்சம் கூச்சப்படும்ங்க" என்றார்.

பிரியாணி முடிந்து ரோஸ்மில்க் வந்தது. பெண்ணின் அத்தா என் கழுத்தில் தொங்கிய பிளேயரைப் பார்த்து, "இன்னாம்மா அது, மாமா வாங்கியாந்தாரா?" என்றார்.

நான் காத்திருந்த சமயம் வந்துவிட்டது.

"ஆமாங்க. எங்கள மட்டும் பத்துக்கு மேல வைக்கக்கூடாதுன்றாரு. அவரு இருபத்தொம்போதுல வச்சிக்கினு கேக்கறாரு!"

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாதான் அதிகமாகச் சிரித்தார். பெண்ணின் அத்தாவும் சிரித்தபடியே பிளேயரை வாங்கி, அதே இருபத்தொன்பதில் காதில் வைத்து, வைத்த வேகத்தில் எடுத்தார். கிளாஸை வைக்க எழுந்தவர் மாமாவின் இடப்பக்கம் போய் நின்று, மெதுவான குரலில், "எப்ப திரும்பிப் போறீங்க மாப்ளே?" என்றார். மாமா திரும்பவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ரோஸ்மில்க் குடித்தார். அதன்பிறகு பெண்ணின் அத்தா ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, பெண் மேலே படிக்க ஆசைப்படுகிறாள் என்று சொல்லியனுப்பினார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். பெண் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று எங்கள் டீச்சரும் சொல்லியிருந்தார். அம்மா ஏனோ அழுதார், என்னை அடிக்கவும் கை ஓங்கினார். மாமா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சின்னப் புள்ளக்கா. உள்ளதத்தான சொல்லிச்சு."

எட்டு வருஷம் ரோடு உடைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில், காதில் ஒரு பஞ்சுகூட வைக்காமல் வேலை பார்த்த மனிதர் அவர். இடது காது முழுதாகப் போய், வலதும் போய்க்கொண்டிருந்தது. அக்காவுக்கும் தம்பிக்கும் மட்டுமே தெரிந்த அந்த விஷயம், நான் காலேஜ் படிக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. பெண் வீட்டாரிடம் மறைத்தது சரியில்லைதான். ஆனாலும் அந்த ரோஸ்மில்க் சிரிப்பை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

அந்த லீவு முடிந்து அதே வேலைக்குக் கிளம்பியபோது, மாமா பிளேயரை என் கையில் வைத்து, "நீயே வச்சிக்க" என்றார். உண்மையைச் சொன்னதற்கு மாமா கொடுத்த பரிசு என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் காட்டினேன்.