சார் இழுத்த வெள்ளிக் கம்பி

கம்பி இழுக்கிற தொழில்ல நாம பின்னால நடந்தாத்தான் வேலை முன்னால நகருமுங்க.

நாங்க கோயமுத்தூர்க்காரங்க. டெல்லி கரோல்பாக்ல ஒரு சந்துக்குள்ள ஒத்தை ரூம் பட்டறை. வீட்டுக்காரரு நகை செய்வாரு. நகைக்கு வேணுங்கிற தங்கக் கம்பி, வெள்ளிக் கம்பி இழுக்கிறது நானு, மரகதம். இரும்புத் தகட்டுல பெருசுலருந்து சிறுசு வரைக்கும் வரிசையா ஓட்டை இருக்கும். வெள்ளிக் குச்சியோட முனையைக் கூராக்கி ஓட்டையில விட்டு, அந்தப் பக்கம் குறடால புடிச்சு இழுக்கணும். நாலு ஓட்டை தாண்டினா வெள்ளி விறைச்சுக்கும். நெருப்புல காட்டி இளக்கிட்டு மறுபடியும் இழுக்கணும். இப்படியே தலைமுடி மொத்தத்துக்குக் கொண்டு வந்துருவேன்.

பத்தொம்பது வருஷமா இழுக்கறேன். என் கம்பி போடாத கழுத்து டெல்லியில கம்மி. ஆனா எல்லாமே கடைக்காரங்க பேருலதான் போகும். ஒரே ஒரு தடவையாவது என் பேரு எழுதின போர்டுக்குக் கீழ உக்காந்து விக்கணும்னு எனக்கு வெறியே புடிச்சுப் போச்சுங்க. குளிர்காலக் கண்காட்சியில ஸ்டால் கேட்டா, கைவினைஞர் அட்டை இருக்கான்னாங்க. அட்டைக்காக ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சவங்க யாராச்சும் இதைப் படிச்சா, இப்படிப் பக்கத்துல வந்து உக்காருங்க. நாமெல்லாம் ஒரே கட்சி.

சந்துல டிராஃபிக்

எங்க ரூமு பத்தடி. இழுக்கிற கம்பியோ இருபதடி வரும். அதனால குறடைப் புடிச்சுக்கிட்டே வாசப்படி தாண்டி, முதுகுப் பக்கமா சந்துக்குள்ள இறங்குவேன். பாதியில நிக்கவே கூடாது. நின்ன எடத்துல கம்பியில வளையம் மாதிரி ஒரு தழும்பு விழுந்துரும். அந்தத் துண்டு அப்புறம் எதுக்கும் ஆகாது. ஸ்கூட்டர் வரட்டும், மாடு வரட்டும், நான் நிக்க மாட்டேன். அவங்கதான் நிக்கணும்.

ஒருநாள் நேரா போயி காய்கறி வண்டி மேல சாஞ்சுட்டேன். தக்காளி நாலா பக்கமும் உருளுது. அப்பவும் கடைசி அடி வரைக்கும் இழுத்துட்டுத்தான் திரும்பிப் பாத்தேன். வண்டிக்காரர் தலையில கை வெச்சுக்கிட்டு ஹிந்தியில கேட்டாரு: "பாபிஜி, ஒரு நாளைக்காவது முன்பக்கமா வெளிய வரக் கூடாதா?"

இல்லாத கட்டம்

அட்டைக்கு மனு கொடுக்கப் போனேன். கவுன்ட்டர்ல இருந்தவரு படிவத்தைப் பாத்து, "என்ன செய்யறீங்க?"ன்னாரு. கம்பின்னேன். நகைக்கு ஒரு கட்டம் இருக்கு, பாத்திரத்துக்கு ஒரு கட்டம் இருக்கு, கம்பிக்குக் கட்டமே இல்லை. நகையே கம்பியிலதானே பாய்சாப் ஆகுதுன்னேன். அப்ப நகை செய்யறேன்னு எழுதச் சொன்னாரு. அதைச் செய்யறது எங்க வீட்டுக்காரர், நான் எதுக்குப் பொய் எழுதணும்?

மூணு தடவை நடந்தேன். மூணாவது தடவை ஓரத்துல பென்சிலால சின்னதா 'கம்பி'ன்னு எழுதிக்கிட்டாரு. எழுதிட்டு, என் மேல நெசமாவே பரிதாபப்பட்டுச் சொன்னாரு: "பெஹன்ஜி, படிவத்துல இல்லாத தொழிலை நீங்க செய்வானேன்?"

குறையில்லாத குறை

பட்டறையைப் பரிசோதிக்க ஒரு ஆபீசர் வந்தாரு. தர்மலிங்கம் சாரு. நம்ம ஊர்ப் பக்கம்தான், ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ்ல குடியிருக்காரு. தமிழ்ல பேசினதும் எனக்குப் பாதி அட்டை கைக்கு வந்த மாதிரி இருந்துச்சு. இருக்கிறதுலயே நல்ல கம்பியா எடுத்து நீட்டினேன். விரலால உருட்டிப் பாத்தாரு, வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாரு. "ஒரே சீரா இருக்கே"ன்னாரு. எனக்குத் தலைகால் புரியலை.

அப்புறம் குனிஞ்சு கட்டிலுக்கு அடியில தேடினாரு. பீரோவுக்குப் பின்னால எட்டிப் பாத்தாரு. என்ன சார் தேடறீங்கன்னா, மெஷினாமுங்க! ஓட்டை எப்படியோ கம்பி அப்படி, கை நிக்காம இழுத்தா சீராத்தான் வரும்னு தொண்டைத் தண்ணி வத்தச் சொன்னேன். அவரு பேனாவை மூடிட்டுச் சொன்னாரு: "கைவேலைன்னா ஏதாவது ஒரு குறை வேணுமேம்மா! ஒண்ணுமே இல்லைன்னா நான் எதை வெச்சு எழுதறது?"

மூணு யெஸ் சார்

எனக்கு வந்துச்சே கோவம். குறடை அவரு கையிலயே கொடுத்து, "நீங்களே இழுத்துப் பாருங்க சார்"ன்னேன். அவரும் சட்டைக் கையை மடிச்சு விட்டுட்டு ஆரம்பிச்சாரு. நாலு விரல் நீளம் இழுத்திருப்பாரு, போன் அடிச்சுச்சு. மேலதிகாரி. "போனை விடுங்க சார், குறடை விடாதீங்க!"ன்னு கத்தறேன். அவரு போனைத் தோளுல இடுக்கிக்கிட்டு, நட்டமா நின்னு, "யெஸ் சார்"ங்கறாரு. கம்பியில ஒரு தழும்பு. மறுபடி நாலு விரல், மறுபடி போன், மறுபடி யெஸ் சார். ஒரு சாண் இழுக்கறதுக்குள்ள மூணு ஆயிருச்சு. வீட்டுக்காரரு சிரிப்பை அடக்க முடியாம அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

அட்டை கொடுக்கிற கமிட்டிக்கு வித்தியாசம் தெரியட்டும்னு என் கம்பியில ஒரு சாண், அவரு கம்பியில ஒரு சாண் வெட்டி, ரெண்டையும் ஒரே கவர்ல போட்டு, மேல என் பேரை எழுதினாரு. கெளம்பும்போது வேர்வையைத் தொடைச்சுக்கிட்டு, முகமெல்லாம் மலர்ந்து சொன்னாரு: "பரவால்லையே, மொதல் தடவையிலயே இம்புட்டு வந்துருச்சு! ஆபீஸ்ல உக்காந்து வீணாப் போயிட்டேன் போலிருக்கு."

பாஸ்

ஒரு மாசம் கழிச்சுக் கூப்பிட்டு அனுப்பினாங்க. கவர்ல இருந்த ரெண்டுல சீரான கம்பி மெஷின்ல செஞ்சதுன்னு கமிட்டி தள்ளிருச்சாம். தழும்பு விழுந்ததைப் பாத்துத்தான் எல்லாரும் சொக்கிப் போனாங்களாம். 'கைத்தடம் உயிரோட இருக்கு'ன்னு தலைவரு தன் கையால எழுதி, அட்டைக்கு ஒப்புதல் போட்டுட்டாராம்.

எனக்கு வயிறு எரிஞ்சுச்சுங்க. "சார், அது நீங்க இழுத்தது!"ன்னு ஆபீஸே திரும்பிப் பாக்கறாப்பல கத்திட்டேன். தர்மலிங்கம் சாரு எந்திரிச்சு வந்து கதவைச் சாத்திட்டு, ரெண்டு கையும் கூப்பாத குறையாச் சொன்னாரு: "சத்தமாச் சொல்லாதீங்கம்மா, எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு."

கண்ணாடிப் பெட்டி

வாங்கிட்டேங்க அட்டையை. வெக்கமாத்தான் இருந்துச்சு. தூக்கி எறிஞ்சிருக்கணும்னு சொல்றவங்க, பத்தொம்பது வருஷம் பேரில்லாம இழுத்துப் பாத்துட்டு அப்புறம் வந்து சொல்லுங்க. கண்காட்சியில ஸ்டால் போட்டாங்க. போர்டுல பெருசா 'மரகதம்'. அதைப் பாத்து நின்ன எடத்துல அழுதுட்டேன். ஆனா கமிட்டி பாஸ் பண்ணின மாதிரித் துண்டை ஸ்டால் நடுவுல வெக்கணுமாம், அது ரூலாம். சாரோட ஒரு சாண் கம்பியைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள பட்டுத்துணியில படுக்க வெச்சு, பூட்டி, சாவியைக்கூட அவங்களே கொண்டு போயிட்டாங்க.

சாயங்காலம் மயூர் விஹார்ல இருந்து ஒரு அம்மா வந்தாங்க. தமிழ்க்காரங்க. நான் இழுத்த கம்பியில செஞ்ச சங்கிலி, கொலுசு எல்லாத்தையும் தொட்டுப் பாத்து, "இதெல்லாம் மெஷின் கட்டிங்தானே?"ன்னு ஒதுக்கி வெச்சாங்க. அப்புறம் கண்ணாடிப் பெட்டி மேல குனிஞ்சு, அந்த மூணு தழும்பையும் ரொம்ப நேரம் பாத்தாங்க. நிமிர்ந்து என் கை ரெண்டையும் புடிச்சுக்கிட்டாங்க. கண்ணே கலங்கிருச்சு அவங்களுக்கு. "அச்சா கைங்க உங்களுக்கு! இந்த மாதிரி இழுக்கிறதுக்குக் கை பழக எத்தனை வருஷம் ஆச்சு?"

கம்பி இழுக்கக் கத்துக்கிட்ட நேரத்துல போன் வந்தா நிக்கக் கத்துக்கிட்டிருந்தா, டெல்லியில நான் எப்பவோ பேரு வாங்கியிருப்பேனுங்க.