நந்தியாவட்டையா, பவளமல்லியா?

செடி விஷயத்தில் என்னிடம் வாதாடி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை. பரவையில் வீடு கட்டிக் குடிவந்த நாளிலிருந்து, எங்கள் தெருவில் யார் கன்று வாங்கினாலும் முதலில் என் வீட்டுக் காம்பவுண்டு ஓரம் வந்துதான் நிற்பார்கள். "அக்கா, இது தேறுமா?" நான் தேறும் என்றால் தேறும், தேறாது என்றால் தேறாது. அதனால், கேட்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் மிஞ்சிய மண்ணில் ஒரே ஒரு பூச்செடிதான் வைக்கலாம் என்று ஆனபோது, யாரையும் கேட்காமல் நந்தியாவட்டை என்று முடிவு செய்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் பவளமல்லி வேண்டும் என்றார்.

இது வேணும், அது வேணும் என்று கேட்கிற ஆளே இல்லை அவர். மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு அடித்துக்கொண்டிருந்தவர். கண்ணில் அழுத்தம் கூடி, பக்கவாட்டில் வருவது தெரியாமல் போக ஆரம்பித்தது. ஒருநாள் ஓரமாக நின்ற சைக்கிளைத் தட்டிவிட்டார். அன்றோடு ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. "போன பார்வை திரும்பாதும்மா. சொட்டு மருந்தை விடாமப் போட்டா, இருக்கிறதைத் தக்கவைக்கப் பாக்கலாம்" என்றார் கண் டாக்டர். தக்கவைத்தே தீருவேன் என்று வைராக்கியமாக இருந்தேன். வேளை தவறாமல் மருந்து விட்டேன். நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிக் கண்ணில் பிழியச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரியிடம், "மொதல்ல உன் கண்ணுல பிழிஞ்சு பாத்துட்டு வந்து சொல்லுத்தா" என்றேன். அதற்கப்புறம் அவள் வைத்தியம் பேசுவதில்லை.

"பவளமல்லி எதுக்குங்க?" என்று இவரிடம் எடுத்துச் சொன்னேன். "மழைக்காலத்துலதான் பூக்கும். அதுவும் விடியுறதுக்குள்ள கொட்டிரும். இலையைத் தொட்டா உப்புத்தாள் கணக்கா சொரசொரன்னு இருக்கும். கோடையில மொட்டையா நிக்கும். நந்தியாவட்டைன்னா வருஷம் முழுக்கப் பூக்கும். கரும்பச்சை இலைக்கு நடுவுல அம்புட்டு வெள்ளை. தெருமுனையில இருந்தே தெரியும்."

"தெரியுறவங்களுக்குத் தெரியும்" என்றார். "பவளமல்லின்னா வாசம் வரும். பாக்க முடியலைன்னாலும் பூத்திருக்குன்னு கண்டுக்கிறலாம்ல."

எனக்கு வந்ததே கோபம்! "யாருக்குப் பாக்க முடியாமப் போகுது? வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?" என்று கத்திவிட்டேன். அந்தச் செடியை நட்டால், இவர் கண் போகத்தான் போகிறது என்று நாங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். அதற்கு நான் ஆளில்லை.

திண்டுக்கல் ரோட்டு நர்சரியில் நந்தியாவட்டை இரண்டு வகை இருந்தது. ஐந்து இதழ் உள்ள ஒற்றை, இதழ் நெருங்கிய அடுக்கு. அடுக்கைத்தான் வாங்கினேன். பூ பெரிது, கண்ணில் படும். என் கணக்கு பிசகவில்லை. ஒரே வருடத்தில் செடி இடுப்பளவு வந்து, நாள் தவறாமல் பூத்தது.

காலையில் அவர் வாசலில் நாற்காலி போட்டுக் காப்பி குடிப்பார். நான் வாசல் தெளித்துக்கொண்டே, "என்னங்க, இன்னைக்கு எப்படிப் பூத்திருக்கு?" என்று கேட்பேன். "மேக்கொப்புல கொத்தா நிக்குது. தொட்டிப் பக்கம் கம்மிதான்" என்பார். எனக்கு அதுவே பெரிய டாக்டர் சர்டிபிகேட். அப்புறம் நாள் முழுக்கத் தையல் மிஷினில் உட்கார்ந்தாலும் அலுப்பு தெரியாது. பிளவுஸ் தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம், "மருந்து கேக்குது, பார்வை அப்படியே நிக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு பங்குனியில் செடியில் புழு விழுந்தது. நந்தியாவட்டைக்கென்றே வருகிற பச்சைப் புழு, விரல் தண்டி இருக்கும். இரண்டே நாளில் இலையை எல்லாம் தின்று தீர்த்துவிட்டது. இவர் மதியம் சாப்பிட்டுப் படுத்திருந்த நேரத்தில், அரிவாளை எடுத்து முழங்கால் உயரத்துக்கு மட்டாக வெட்டிவிட்டேன். வெட்டினால் நன்றாகத் துளிர்க்கும் என்று எனக்குத் தெரியும். வெட்டிய கொப்புகளைத் தெருமுனைக் குப்பையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து மிஷினில் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

மறுநாள் காலை நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, கட்டைதானே நிற்கிறது. காப்பியை வாங்கிக்கொண்டு அவராகவே சொன்னார்: "இன்னைக்குக் கூடுதலாவே பூத்திருக்கு போல. மேக்கொப்பு வெள்ளையாக் கெடக்கு."

வாளி கையில் இருக்க, அப்படியே நின்றுவிட்டேன்.

"ஏங்க, செடியை நேத்தே வெட்டிட்டேன்" என்றேன்.

அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"எம்புட்டு நாளாத் தெரியலை?" என்றேன்.

"கொஞ்ச காலமாவே" என்றார். "வெளிச்சம் தெரியுது. ஆள் நடமாட்டம் தெரியுது. பூ தெரியலை."

"என்கிட்ட ஏங்க சொல்லலை?"

"காலையில நீ கேக்குறப்ப உன் குரல்ல அம்புட்டுச் சந்தோசம் இருக்கும். அதை ஏன் கெடுக்கணும்னு இருந்துட்டேன்."

முதலில் ஆத்திரம்தான் வந்தது. பாவி மனுஷன், இத்தனை நாளும் எனக்காகப் பூ பூக்க வைத்திருக்கிறார். அப்புறம் வாளியைக் கீழே போட்டுவிட்டு, அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன். தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்களே என்றுகூட நினைக்கவில்லை.

டாக்டரிடம் போனோம். மருந்தை மாற்றினார், விடாமல் போடச் சொன்னார். இன்றும் போடுகிறோம். திரும்பி வரும் வழியில் நர்சரியில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன்.

"நந்தியாவட்டைதான் திரும்பத் துளிர்க்குமே?" என்றார்.

"அது துளிர்க்கும். அதுபாட்டுக்கு நிக்கட்டும். நான் பவளமல்லி வாங்கப் போறேன்."

"இடம்?"

"துவைக்கிற கல்லைப் பேத்துட்டா இடம் வந்துட்டுப் போகுது" என்றேன். பேர்த்தேன். மணலும் எருவும் போட்டுக் குழியை நிரப்பி, கன்றைப் பிடிக்கச் சொன்னேன். வேர்மண் உடையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

இன்றைக்கும் யாராவது கேட்டால், வாசலுக்கு நந்தியாவட்டைதான் நல்ல செடி என்பேன். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதைச் செடியிலிருந்து பறிக்க வேண்டும், பறிக்கக் கண் வேண்டும். பவளமல்லி அப்படியல்ல, தானாக உதிரும். மண்ணில் விழுந்த பூவைச் சாமிக்கு வைக்கக் கூடாது என்பார்கள். பவளமல்லிக்கு மட்டும் அந்தத் தடை கிடையாது. சாயங்காலமே அடியில் கூட்டித் தண்ணீர் தெளித்து வைத்தால், காலையில் குனிந்து பொறுக்கிக்கொள்ளலாம். கன்று ஆளுயரம் வளர்ந்ததும், பூக்கும் முன்னாலேயே அந்தக் கூட்டுகிற வேலையை அவர் தன்னுடையதாக எடுத்துக்கொண்டார். துடைப்பத்தை என்னிடம் தர மாட்டார்.

போன ஐப்பசியில், இன்னும் வெளுக்காத ஒரு காலை. பாலை அடுப்பில் வைத்திருந்தேன். வாசலிலிருந்து குரல் வந்தது.

"ஏய், இங்க வா! பூத்துருச்சு!"

அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். மரத்தை அண்ணாந்து பார்த்தேன். இருட்டில் எனக்கு இலைகூடத் தெரியவில்லை. அவர் அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஈரத் தரையில் விரல்களை மெதுவாக நகர்த்திக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் நாலைந்து பூ. நான் ஆசையாக அவரிடம் ஓடப் போனேன்.

"நில்லு, நில்லு" என்றார். "கீழ பாத்து வா. மிதிச்சுப்புடாத."