தந்தையாரின் வண்டிக் கதவில் இருந்த பெயர்

எங்கள் தந்தையாரை மண்ணில் வைத்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களும் நண்பர்களும் ஆறுதலான வார்த்தைகளை எதிர்பார்ப்பீர்கள். தந்தையாரைப் பற்றிச் சொல்ல நல்ல வார்த்தைகள் நிறைய உண்டு. ஆனால் அவர் ஓட்டிய வண்டியை நினைத்தாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. அந்த வண்டியை விட்டுவிட்டு அவர் வாழ்க்கையை எழுதவும் முடியாது. மூத்த மகள் என்ற முறையில் எழுதுகிறேன். கசந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தந்தையார் பிறந்தது தேவதானத்தில். பெற்றோர் இருவரும் ஒரே வாரத்தில் காலராவில் போய்விட, தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இராஜபாளையத்துக்கு நடந்தே வந்தவர். அங்கே பருத்தி அரைக்கும் ஆலையில் லாரிக்குக் கிளீனராக இருந்து, வண்டி ஓட்டப் பழகினார். இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரின் பண்ணையார் தோட்டத்து வேலைக்கென்று ஒரு மோட்டார் வாங்கியபோது, ஓட்ட ஆள் தேடி இவரைக் கூட்டி வந்தார். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த பலகைத் தொட்டி. அதில் உரமும் தேங்காயும் பருத்தியும் ஏற்றி எட்டு வருடம் ஓட்டினார். பண்ணையார் புது லாரி வாங்கிய அன்று, "பழசை நீயே வச்சுக்கோ" என்று வாய்வார்த்தையாகக் கொடுத்தார்.

அதற்குள் அந்த வண்டி பார்க்கச் சகிக்காத நிலைக்கு வந்திருந்தது. வாங்கிய நாளில் பூசியிருந்த நீலச் சாயம் செதில் செதிலாக உரிந்து, அடியில் இருந்த இரும்பு பழுப்பேறிக் கிடந்தது. காலடியில் ஒரு ஓட்டை, அதன் வழியே ரோடு தெரியும். சீட்டுக் கம்பி குத்தாமல் இருக்கச் சாக்கை மடித்துப் போட்டிருப்பார். கதவில் அவர் முழங்கை படும் இடம் மட்டும் தேய்ந்து பளபளக்கும். அதே கதவில் வெள்ளை எழுத்தில் பண்ணையாரின் பெயர், மங்கிப் போயும் படிக்கும்படி இருந்தது. தந்தையார் வண்டியைத் தினமும் கழுவுவார். சாயம் பூச மட்டும் விடமாட்டார்.

எங்கள் தெருவில் பதினொரு வீட்டில் மாடு உண்டு. விடிந்ததும் எல்லா வீட்டுப் பாலையும் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் மூன்று காபி கிளப்புகளுக்கு ஊற்றுவார். அந்தக் கிளப்புகளுக்குள் எங்கள் தெருக்காரர் யாரும் கால் வைக்க முடியாது. எங்கள் கையால் கறந்த பால் என்றால் அடுப்பில் ஏறாது. ஆனால் பண்ணையார் பெயர் போட்ட வண்டியில் வந்ததால் அது பண்ணை வீட்டுப் பால் ஆகிவிட்டது. அவர்களுக்கு உண்மை தெரியாது என்றே நான் அப்போது நினைத்திருந்தேன்.

ஆசிரியப் பயிற்சி முடித்துக் கிறிஸ்துமஸுக்கு ஊர் வந்திருந்தேன். கூடப் படித்த பெண்கள் முன்னால் அந்த வண்டியில் இருந்து இறங்கிய வெட்கம் எனக்குள் ஆறாமல் இருந்தது. புளித்த பால் வாடையும், துருவும், அடுத்தவர் பெயரும். பண்டிகைக்கு முந்திய நாள் தந்தையார் வேதக்கோவிலில் தோரணம் கட்டப் போயிருந்தார். நான் கதவைச் சுரண்டி, பள்ளிக்கூடக் கதவுக்குப் பூசி மிஞ்சிய பச்சைச் சாயத்தை அடித்து, கரும்பலகையில் எழுதிப் பழகிய கையால் தந்தையாரின் பெயரை எழுதினேன். திரும்பி வந்தவர் கதவருகே குனிந்தார். எழுத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்க தாயி," என்றார். "காலையில நீயும் கூட வா."

முதல் கிளப்பின் முதலாளி வாசலில் நின்று கதவைப் படித்தார்.

"இது யாரு வண்டி?"

"நம்ம வண்டிதான் சாமி."

"அப்ப பாலு?"

"தினம் கொண்டாற அதே பாலுதான் சாமி."

"இன்னைக்கு வேண்டாம்."

"நேத்து வரைக்கும் ஊத்தினோமே சாமி."

"நேத்து எனக்குத் தெரியாதுல்ல."

அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் வியப்பே இல்லை. ஆறு வருடமாகத் தந்தையாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர், எங்கள் தெரு எது என்று அறிந்தவர். தெரிந்தும் தெரியாதது போல் இருக்க அவருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அந்தச் சாக்கைத்தான் நான் சுரண்டி எடுத்திருந்தேன். மற்ற இரண்டு கிளப்புகளிலும் நாங்கள் போவதற்குள் சேதி போய்விட்டது. அன்று பதினொரு வீட்டுப் பாலும் வண்டியிலேயே திரிந்தது. ஊருக்கு வெளியே ஓடையில் கொட்டினோம். கிறிஸ்துமஸ் ஆராதனையில் என் சேலையில் அந்த வாடை அடித்துக்கொண்டே இருந்தது.

தந்தையார் என்னைத் திட்டவில்லை. மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவர், "ஏட்டி, பழைய பேரை அப்படியே எழுத ஒனக்கு வருமா?" என்று மட்டும் கேட்டார்.

வந்தது. பச்சையைச் சுரண்டினேன். பண்ணையாரின் பெயரை எழுதினேன். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து மங்கவைத்து, செங்கல் தூளையும் புளித்தண்ணீரையும் குழைத்துப் பூசிப் பழுப்பாக்கினேன். பழைய வண்டி மாதிரி ஆவதற்கு எம்புட்டு வேலை என்று அன்று தெரிந்துகொண்டேன். மறுநாள் முதலாளி கதவருகே வந்தார். புதுச் சாய வாடை அவர் மூக்கில் ஏறியது, சுளித்துக்கொண்டார். உற்றுப் பார்த்தார். பொய் என்பது கண்ணுக்கு நேரே தெரிந்தது. "இப்பத்தான் சரியா இருக்கு," என்று சொல்லிப் பாலை அளக்கச் சொன்னார். மனிதர் மேல் எனக்கு இத்தனை அருவருப்பு அதற்கு முன் வந்ததில்லை. என் கை மேலும் வந்தது.

அதற்குப் பின் யுத்தம் வந்து, பெட்ரோலுக்குக் கூப்பன் வந்து, தந்தையார் மெலிந்து போகும் வரைக்கும் என் கையெழுத்துக்கு உள்ளே உட்கார்ந்துதான் வண்டி ஓட்டினார். பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்தவர் இல்லை. பிரசவ வலி கண்ட எந்தப் பெண்ணையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மறுத்தவர் இல்லை. நெஞ்சுவலியில் மூன்று நாள் கிடந்தபோதும், தம்பி வண்டியை எடுத்தானா, பால் போய்விட்டதா என்றே கேட்டார்.

அடக்கம் முடிந்த எட்டாம் நாள் பண்ணை வீட்டுக் காரியஸ்தர் இரண்டு ஆட்களோடு வந்தார். பண்ணையார் அதற்கு முன்பே காலமாகி, மகன் பொறுப்பில் எல்லாம் இருந்தது.

"வண்டியை எடுத்துட்டுப் போக வந்தோம். எங்க ஐயா பேருல்ல எழுதியிருக்கு."

அது நான் எழுதியது என்று சொல்ல வாயெடுத்தேன். சித்தப்பா என் கையைப் பிடித்தார். "சும்மா இரு ஏட்டி. வண்டி போனாலும் பண்ணைப் பேருல நம்ம பாலை ஏத்தச் சொல்லிக் கேட்டுக்கலாம். அந்தப் பேரு பொய்னு நீயே சொல்லிட்டா, நாளைக்குப் பாலை எங்க ஊத்த?" என்றார். பதினொரு வீட்டாரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். வண்டி போயிற்று. மறுநாளில் இருந்து அதே வண்டியில் பண்ணை மாடுகளின் பாலே கிளப்புகளுக்குப் போனது. எங்கள் பாலை யாரும் கேட்கவில்லை.

இப்போது தெருப் பெண்கள் தலையில் சுமந்து இராஜபாளையத்துக்கு நடந்து, மில் வாசலில் விற்கிறார்கள். அங்கே தொழிலாளர்கள் செம்பை நீட்டிக்கொண்டு வருகிறார்கள், தண்ணீர் கலந்திருக்கிறதா என்று மட்டும் கேட்கிறார்கள். இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் பதினொரு வீட்டிலும் கேட்டேன். எழுதச் சொன்னார்கள்.

தந்தையாரைக் கடைசிவரை கவனித்த மருத்துவருக்கும், அருகிருந்து ஜெபித்த போதகருக்கும், குழி வெட்டிய தம்பிமாருக்கும், வெயிலில் நடக்கும் எங்கள் தெருப் பெண்களுக்கும், மில் வாசலில் செம்போடு வந்து நிற்கும் ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தார் கடமைப்பட்டிருக்கிறோம். அந்த மூன்று காபி கிளப்புகளுக்கும் பண்ணை வீட்டுக்கும் இம்மலரில் ஒவ்வொரு பிரதி தபாலில் போகிறது. அத்தனை வருடம் அங்கே காய்ச்சிக் குடித்தது யார் கறந்த பால் என்று அச்சில் இருக்கிறது. இனித் தெரியாது என்று அவர்கள் சொல்ல முடியாது.