ஒத்தக்கண்ணன் கேட்ட விடுப்பு

போன மாதம் ஓசூரில் ஒரு லேத் பட்டறையைத் தாண்டி நடந்தபோது கூலண்ட் வாடை வந்தது. சூடான இரும்பின் மேல் பால் நிறத்தில் வழியும் எண்ணெய்த் தண்ணீர். லேசாகப் புளித்த மோரின் வாடை. மற்றவர்களுக்கு அது ஆலையை நினைவூட்டலாம். எனக்கு ஒரு கீபோர்டின் நான்கு அம்புக்குறி விசைகள்தான் நினைவுக்கு வந்தன. எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் என் விரல்கள் அவற்றைக் கறுப்பாக்கிவிடும்.

தொண்ணூறுகளின் கடைசி. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் செய்யும் ஆலையொன்றில் நான் தரப் பரிசோதகன். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவன். கணினி அறையில் முனிராஜ். பக்கத்து ஊரான தளிக்காரன். வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், என்னிடம் தமிழ். என்னை ‘குரு’ என்பான். நான் அவனுக்கு எதுவும் கற்றுக்கொடுத்ததில்லை. பெங்களூர்ப் பக்கம் சிநேகிதனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பெங்களூர் நடைபாதையில் வாங்கிய ஒரு சிடியை அவன் கணினியில் ஏற்றியிருந்தான். போர் விளையாட்டு. படையை நகர்த்துவது பாதி வேலைதான். ஒவ்வொரு சண்டையும் முடிந்ததும் கூடாரத்தில் ஐந்து தளபதிகளில் யாரோடு பேசுவது, என்ன பதில் சொல்வது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கேற்பக் கதை வேறு வழியில் போகும். வாயில் நுழையாத பெயர்களை மாற்றிக்கொண்டோம். அதில் வந்த மலைக்கோட்டை எங்களுக்கு ராயக்கோட்டை ஆனது. கண்ணில் கட்டுப் போட்ட தளபதி ஒத்தக்கண்ணன்.

எனக்கு மிகவும் பிடித்தவன் அவன். ஆனால் ஒவ்வொரு முறையும் ஆற்றுப்பாலத்தில் நடக்கும் சண்டையில் பாலத்தைத் தாண்டி எதிரியிடம் போய்விடுவான். நல்ல குதிரைகளைக் கொடுத்துப் பார்த்தேன். முன்வரிசையைக் கொடுத்தேன். போனான். முனி டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து ஸ்டூலில் இருப்பான். தனக்கும் இது புதுசு என்று சொல்லியிருந்தான்.

“போயிட்டானா குரு?”

“போயிட்டான்.”

“சே. இன்னொரு வாட்டி பாருங்க.”

கேன்டீன் சரோஜாக்கா வாசலில் நின்று கேட்பார்: “அந்தப் பொட்டிக்குள்ள பொண்ணு கிண்ணு இருக்குதா? ரசம் ஆறிப் போவுதுப்பா.”

அந்தச் சமயத்தில் பூனாவில் திறந்த புதுக் கிளைக்கு என்னை சூப்பர்வைசராகப் போகச் சொன்னார்கள். ஊரில் அம்மா அந்தச் சொல்லைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். முனி தலையை ஆட்டினான்.

“பூனா எதுக்கு குரு? பஸ் ஸ்டாண்டு கிட்ட கடை புடிப்போம். நாலு கம்ப்யூட்டர் போதும். கேம் ஆட க்யூல நிப்பாங்க. நீங்க இருந்தா நான் இருக்கேன்.”

மேனேஜரிடம் பூனா வேண்டாம் என்றேன். பஸ் ஸ்டாண்டு சோடாக்கடைக்கு அடுத்த இடத்தைத் தனியாகப் போய்ப் பார்த்தும் வந்தேன். பூனாவுக்கு வேறொருவர் போனார். கொஞ்ச நாளில் முனி பெங்களூர் கம்பெனியொன்றில் சேர்ந்துவிட்டான். “திடீர்னு கெடச்சிருச்சு குரு” என்றான். அவன் பெட்டியை பஸ்ஸில் ஏற்றியதே நான்தான்.

அவன் நாற்காலிக்கு இன்னும் ஆள் வரவில்லை. ஒரு மத்தியான இடைவேளையில் தனியாக ஆடினேன். ஆரம்பத்திலேயே ஒத்தக்கண்ணன் ஊருக்குப் போக விடுப்புக் கேட்கும் இடம் ஒன்று உண்டு. எப்போதும் மறுத்துவிடுவேன், உற்பத்தி நெருக்கடியில் லீவு கொடுக்காத ஆலைப் பழக்கம். அன்று எனக்கு மனசே இல்லை. போய்த் தொலை என்று கொடுத்துவிட்டேன். பாலத்துச் சண்டைக்கு முன்னால் அவனாகவே திரும்பி வந்தான். கடைசி வரை என்னோடு நின்றான்.

ஆட்டம் முடிந்ததும் ஒரு கூடம் திறந்தது. ஐந்து தளபதிகளின் படங்கள். அந்தக் கணினியில் யாருடைய கதையை முடித்திருக்கிறோமோ அவர் முகம் மட்டும் வெளிச்சமாக இருக்கும் என்று கீழே எழுதியிருந்தது. நான் முடித்தது ஒன்று. ஐந்து முகங்களும் வெளிச்சமாக இருந்தன.

சாயங்காலம் எஸ்டிடி பூத்திலிருந்து கூப்பிட்டேன்.

“முனி, உனக்கு முன்னாடியே தெரியுமா?”

மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. “எதைக் கேக்கறீங்க குரு? பெங்களூரு வேலையா?”

நான் கேட்க வந்தது அது இல்லை.

“நீங்க பூனா வேணாம்னு சொல்றதுக்கு முன்னாடியே முடிவாயிருச்சு. சொல்லியிருந்தா நீங்க கெளம்பியிருப்பீங்க. நான் போற வரைக்கும் மத்தியானத்துல எனக்கு யாரு இருக்காங்க?”

“ஒத்தக்கண்ணன்?”

“ஓ, அதுவா.” சிரித்தான். “அஞ்சு வழியிலயும் எப்பவோ முடிச்சாச்சு. அப்புறம் ஆடினா ருசியே இல்ல குரு. அவன் பாலம் தாண்டறப்போ உங்க மூஞ்சி ஒரு மாதிரி போகும் பாருங்க, அது மட்டும் ஒவ்வொரு வாட்டியும் புதுசு.”

அதன்பின் பல பஸ் பயணங்களில் அந்த மாதங்களை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்திருக்கிறேன். எந்த இடத்தில் வேறு பதில் சொல்லியிருந்தால் அவன் உண்மையைச் சொல்லியிருப்பான் என்று தேடினேன். ஒத்தக்கண்ணனாவது விடுப்புக் கேட்டான். முனி எதையும் கேட்கவில்லை.

ஆலை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். எஸ்டிடி பூத் இல்லை, சோடாக்கடை இல்லை. அந்த சிடியை நுழைக்கக்கூட என் கணினியில் இடமில்லை. நான் வேலை செய்யும்போது யாராவது பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால், விசைகளிலிருந்து கையை எடுத்துவிடுகிறேன். அவர் திரையைப் பார்க்கிறாரா, என் முகத்தையா என்று பார்த்த பிறகுதான் தொடர்கிறேன்.