பிழை சொல்லாத இயந்திரம்

மணப்பெண்ணின் இடது கன்னத்தில் ஒரு பச்சைச் சதுரம் தெரிந்தது. மிளகளவுகூட இருக்காது. கண் சிமிட்டும் நேரத்துக்குத் தோன்றி மறைந்தது. கம்பளையில் நடந்த ஒரு கல்யாண வீடியோவை நிறம் சரிபார்ப்பதற்காக ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் அதைக் கண்டேன். மறுபடி ஓட்டினேன். அதே கன்னத்தில், அதே இடத்தில் மீண்டும் வந்தது. பக்கத்து மேசையிலிருந்த அத்தானைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கதிரையை உருட்டிக்கொண்டு வந்து பார்த்தார். "கெமராவுல ஏதோ ஆகியிருக்கும் புள்ள. அந்தத் துண்ட மட்டும் வெட்டிட்டு மேல போ" என்றார். வெட்டினேன். அந்த மணப்பெண்ணுக்கோ அவள் வீட்டாருக்கோ எதுவும் தெரியவில்லை. அன்றைக்கு எனக்கும் எதுவும் தெரியவில்லை.

அத்தான் என் அக்காவின் கணவர். கண்டியில் பேராதனை வீதியோரம், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த கல்யாண ஸ்டூடியோவில் அவர்தான் எடிட்டர். என்னை அந்த வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவர்தான். தோட்டத்தில் பிறந்து, பெட்டிக்குள் இருப்பதையெல்லாம் கழற்றிப் பார்த்தே கணினி கற்றுக்கொண்டவர். சத்தமாகப் பேசமாட்டார், ஆனால் ஒரு இயந்திரம் தன்னால் முடிந்ததைவிடக் குறைவாக வேலை செய்கிறது என்று அவருக்குத் தோன்றிவிட்டால், மனிதர் சும்மா இருக்கமாட்டார். நல்ல பாட்டுக்காரனை வைத்துக்கொண்டு முணுமுணுக்க மட்டும் விடுவதைப்போல அது அவரை உறுத்தும்.

முகூர்த்த மாதங்களில் ஸ்டூடியோவில் வேலை மலையாகக் குவியும். புதிய கணினி வாங்கித் தர முதலாளி மனம் வைக்கவில்லை. இருக்கிற கணினியின் வேகத்தைக் கூட்டுவதென்று அத்தான் முடிவு செய்தார். முதலில் கைவைத்தது ரேமில். நடந்துகொண்டிருக்கும் வேலையைக் கணினி தற்காலிகமாக எழுதிவைத்துத் திரும்பப் படிக்கும் இடம் அது. கெமராவின் கார்டிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு படமும், ஒவ்வொரு குரலும் அதன் வழியாகத்தான் டிஸ்குக்குப் போய்ச் சேரும். கேட்ட ஒன்றை எடுத்துக்கொடுப்பதற்கு முன் அது சிறிது நேரம் காத்திருக்கும். அந்தக் காத்திருப்புகளை எண்களாகத் திரையில் மாற்றலாம். அத்தான் ஒவ்வொரு எண்ணாகக் குறைத்தார். குறைக்கக் குறைக்கக் கணினி திணறி நின்றுவிடும். அப்போது ரேமுக்குப் போகும் மின்னழுத்தத்தைச் சொட்டு அளவு கூட்டுவார். உயிர் வந்ததுபோல மறுபடி எழும். உடனே அடுத்த எண்ணைக் குறைப்பார்.

"நின்னு போறதுக்கு நான் பயப்படல்ல புள்ள" என்று ஒருநாள் சொன்னார். "நின்னு போனா, முடியல்லன்னு அது உண்மையச் சொல்லுது. நிக்காம ஓடிக்கிட்டே பிழையான பதில் சொல்லுமே, அதுதான் பயம். அதுக்குத்தான் சோதிக்கிறோம்."

அவர் சோதிக்காமல் விடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ரேமை நிரப்பி, படித்து, மறுபடி நிரப்பும் ஒரு சோதனை நிரலை ஒரு வார இறுதி முழுக்க ஓடவிட்டார். பிழை ஒன்றுகூட வரவில்லை. மார்கழி மாதம் அது. வாவிப் பக்கமிருந்து குளிர்காற்று ஜன்னல் வழியே அடித்தபடி இருந்தது. பெட்டியின் பக்கத் தகடும் கழற்றியிருந்தது. வேறு எந்த வேலையும் இல்லாமல் அந்தக் குளிருக்குள் இருந்துகொண்டு கணினி பரீட்சையில் தேறியது. திங்கட்கிழமை நாங்கள் வந்தபோது அத்தான் எல்லாருக்கும் மீன் வைத்த மாலுபனிஸ் வாங்கி வைத்திருந்தார். அதற்குப் பிறகு முன்னர் அரை நாள் எடுத்த வேலை தேநீர் வேளைக்குள் முடிந்தது. முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

பங்குனியில் வெயில் ஏறியது. கீழே வீதியைத் தோண்டிப்போட்டதால் புழுதிக்குப் பயந்து ஜன்னல்களை அடைத்தோம். பெட்டிக்கும் தகடு பூட்டினோம். கணினி நிற்கவேயில்லை. முன்னைப்போலவே வேகமாக ஓடியது. ஆனால் அந்தப் பச்சைச் சதுரத்தைத் தொடர்ந்து சின்னச் சின்னதாக ஏதாவது வந்துகொண்டே இருந்தது. ஒரு கோவில் மேளத்தின் நடுவே ஊசி குத்தியதுபோல ஒரு சத்தம். நான் நன்றாகச் சேமித்துவைத்த அல்பம் ஒன்று மறுநாள் திறக்க மறுத்தது. கடுகண்ணாவையைச் சேர்ந்த ஜோடி ஒன்றின் படத்தில் மாப்பிள்ளையின் தோளுக்குக் கீழே எல்லாம் ஊதாவாகிக் கிடந்தது. ஒவ்வொரு முறையும் அத்தானிடம் ஒரு விளக்கம் இருந்தது. கார்டு பழையது. மென்பொருளில் கோளாறு. கரண்ட் ஏறி இறங்குகிறது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நம்பக்கூடிய விளக்கங்கள்தான். "ரேமை ஒருக்கா பாருங்களேன் அத்தான்" என்று நான் கேட்டேன். "அது பாஸாகின சாமான்" என்றார்.

அந்த வருடம் மழை தொடங்கிய பிறகு அம்பிட்டியவிலிருந்து ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண் தன் தகப்பனாரோடு வந்தாள். சித்திரையில் அவள் கல்யாணத்தை நாங்கள்தான் எடுத்திருந்தோம். தகப்பனார் ஓய்வுபெற்ற ஆசிரியர். எல்லாரும் அவரை மாஸ்டர் என்றே அழைத்தார்கள். கல்யாணத்தன்று மைக்கைப் பிடித்துக்கொண்டு மகளைப் பற்றி நெடுநேரம் பேசியவர் இப்போது கழுத்தைச் சுற்றி மெல்லிய துணி கட்டியிருந்தார். தொண்டையில் புற்றுநோய். கல்யாணம் முடியும்வரை யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். குரல்வளையை எடுத்துவிட்டார்கள்.

"நீங்க தந்த வீடியோவுல அப்பா பேசுற இடத்துல பாட்டுப் போட்டிருக்கீங்க" என்றாள் அந்தப் பெண். "வாய் அசையிறது மட்டுந்தான் தெரியுது. அவரு பேசினது அப்படியே வேணும். ஒரிஜினல் இருக்குந்தானே?"

"இருக்கு. நாங்க எதையும் அழிக்கிறதில்ல" என்றார் அத்தான். மாஸ்டர் சிரித்தபடி தலையசைத்தார்.

ஒவ்வொரு கல்யாணம் முடிந்ததும் மூலப் பதிவுகளை ஒரே கோப்பாக இறுக்கிக் கட்டி, இரண்டு டிஸ்குகளில் வைப்பது எங்கள் வழக்கம். கார்டுகளில் உள்ளதைத் துடைத்து, அவற்றை அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துக்கொள்வோம். அத்தான் முதல் டிஸ்கிலிருந்த கோப்பைப் பிரித்தார். தேவாலயம் வந்தது. மோதிரம் மாற்றியது வந்தது. மண்டபத்து வாசல் வந்தது. அங்கே நின்றுவிட்டது; மேலே பிரிக்க முடியாது, உள்ளே பழுது என்றது திரை. இரண்டாவது டிஸ்கைச் செருகினார். அதே மண்டபத்து வாசலில் அதுவும் நின்றது. இரண்டு டிஸ்கும் ஒரே இடத்தில் பழுதாகாது. கட்டும்போதே பிழையாகக் கட்டியதைத்தான் இரண்டு தடவை பத்திரமாக வைத்திருந்தோம். அத்தானுக்கு அது புரிந்த கணத்தை நான் அவர் பிடரியில் பார்த்தேன். வியர்வை பொடித்திருந்தது.

அவர்களை மறுநாள் வரச்சொல்லிவிட்டு, அந்தப் பிற்பகலே ஜன்னலையும் பெட்டியையும் அடைத்தபடி, ஒரு வீடியோ வேலையும் கூடவே ஓட, அதே சோதனையைப் போட்டார். பெட்டி சூடேறும்வரை ஒன்றும் இல்லை. பிறகு ஒரு சிவப்பு வரி வந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. கணினியோ எந்தக் கவலையுமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"கார்டு பழுதுன்னு சொல்லி அனுப்புங்க" என்றார் முதலாளி. "அவங்களுக்கு என்ன தெரியப்போகுது?"

அத்தான் கணினியை அணைத்தார். மறுநாள் அவர்கள் வந்ததும் நின்றபடியே பேசினார். "கார்டுல பிழை இல்ல மாஸ்டர். கெமராவுலயும் இல்ல. இந்த மெஷின நான் அதுட சக்திக்கு மேல ஓட்டினேன். குளிர்ல சோதிச்சுட்டு வெயில்ல நம்பினேன். ஒங்க பேச்சு போயிருச்சு. திருப்பி எடுக்க வழி இல்ல."

அந்தப் பெண் அழத்தொடங்கினாள். மாஸ்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கழுத்துத் துணிக்குப் பின்னாலிருந்து மூச்சு மட்டும் சீறிக்கொண்டு வந்தது. அவர் வாயை மூடிக்கொண்டார். என்ன சொல்ல வந்தார், மன்னிப்பா சாபமா என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. அத்தானுக்கு அதுதான் இன்றுவரை ஆறவில்லை.

விருந்தாளிகளின் தொலைபேசிகளையெல்லாம் அத்தான் தேடிப்போனார். மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்த ஒருவரிடம் ஒரு சின்னத் துண்டு கிடைத்தது. தட்டுச் சத்தத்துக்கும் பிள்ளைகளின் சிரிப்புக்கும் அடியில், தண்ணீருக்குள்ளிருந்து வருவதைப்போல மாஸ்டரின் குரல். 'என் மகள்' என்ற சொல் மட்டும் தெளிவு. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். தை பிறக்கும் முன்னே மாஸ்டர் போய்விட்டார். அடக்கத்துக்கு அத்தான் போய், வாசலுக்கு வெளியே நின்றுவிட்டு வந்தார்.

ரேமைப் பழைய வேகத்துக்கே இறக்கிவிட்டு, அந்தக் காலத்தில் கட்டிய கோப்புகளையெல்லாம் அவர் பிரித்துப் பார்த்தார். சில திறக்கவில்லை. பல திறந்தன. ஆனால் திறந்ததெல்லாம் நல்லதென்று சொல்ல முடியாது. கட்டுவதற்கு முன்னரே உள்ளே நுழைந்துவிட்ட பிழையைக் கட்டு அப்படியே காப்பாற்றும். ஒவ்வொரு வீட்டாரையும் அழைத்து விஷயத்தைச் சொன்னார். வேலை போயிற்று. இப்போது கட்டுகஸ்தோட்டையில் நானும் அவரும் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறோம். எங்கள் கணினி மெதுவானது. கார்டைத் துடைப்பதற்கு முன் படியெடுத்ததை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். வாடிக்கையாளர்கள் பொறுமையிழப்பார்கள். அத்தான் அசையமாட்டார்.

ஒரே ஒரு டிஸ்கை மட்டும் அவர் திறக்காமலே வைத்திருந்தார். அந்த வெயில் காலத்தில்தான் அக்காவுக்கு மகள் பிறந்தாள். அவளுடைய முதல் படங்களெல்லாம் அதே கணினி வழியாகத்தான் போயிருந்தன. அக்கா கேட்கும்போதெல்லாம் "பொறவு பாப்போம்" என்பார். போன ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்துக்குச் சின்ன வயதுப் படம் வேண்டுமென்று மகளே டிஸ்கைத் தேடி எடுத்துச் செருகிவிட்டாள். நான் அவளருகே இருந்தேன். அத்தான் கதவோடு நின்றுகொண்டார்.

முதல் படம் நன்றாக வந்தது. அடுத்ததும் வந்தது. மூன்றாவதில் ஆஸ்பத்திரிச் சுவரும் அக்காவின் களைத்த முகமும் மட்டும் இருந்தன. அக்காவின் கழுத்துக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

"அப்பா, இதுல நான் எங்க?" என்றாள்.

அத்தான் உள்ளே வந்து அவள் பக்கத்தில் மண்டியிட்டார். திரையின் சாம்பல் நிறத்தில் விரலை வைத்தார். "இங்கதான் இருக்கீங்க. அம்மா கையில. மஞ்சள் துணி சுத்தியிருந்துச்சு. ஒரு கண்ண மட்டும் திறந்து என்னையப் பாத்தீங்க."

அவள் அந்த இடத்தைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு அடுத்த படத்துக்குப் போக விசையை அழுத்தினாள். அது திறக்கும்வரை அத்தான் திரையிலிருந்து விரலை எடுக்கவில்லை.